அறிவுச் சாளரம்: முதிரும் மதுவும் மூத்துக் கெடும் மதுவும்



அயல்நாட்டில் பணிபுரியும் பிள்ளைகளும் மருமக்களும் விடுமுறைக்கு வரும்பொழுது, பெட்டியினின்று எடுத்து வைக்கும் பரிசுப் பொருள்களுள் சிவப்பு ஒயின் புட்டி ஒன்றும் இந்நாளில் இடம்பெறுவதுண்டு. நம் இல்லங்கள் பலவற்றில் அதனைத் தொடுவார் இலர். "பத்தாண்டு கழியட்டும், வைக்க வைக்க அருமை கூடும் பொருள் அது" என்று சொல்லி, அலமாரியின் மேல்தட்டில் நிறுத்தி வைத்துவிடுகின்றனர். பழையதாக ஆக ஒயின் சிறக்கும் என்னும் இவ்வெண்ணம் மெய்தானா என்று வினவிய அன்பர்களுக்கு விடையாகவே இத்திங்கள் இப்பகுதி அமைகின்றது.

முதற்கண் ஒன்று கூறிவிடுதல் நலம். யாரையும் மதுவருந்தத் தூண்டுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. கள்ளுண்ணாமைக்கென ஓர் அதிகாரமே வகுத்த வள்ளுவர் வழிவந்தோர் நாம். எனினும், யவனர் கலங்களில் கொணர்ந்த தேறலைப் பற்றிப் புறநானூறு பேசுகின்றது. புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டில் 1945-ஆம் ஆண்டு அகழ்ந்தபொழுது, மத்தியதரைக் கடற்பகுதியினின்று மது வந்த சாடிகளின் ஓடுகள் கிடைத்தன. ஆதலின் இப்பொருளைப் பற்றி அறிந்து கொள்வது நமக்குப் புதிதுமன்று, பழுதுமன்று.

இனி வினாவிற்கு வருவோம். உலகில் ஆண்டுதோறும் உண்டாகும் ஒயினில் மிகப் பெரும்பகுதி, புட்டியிலடைத்த ஓரிரண்டு ஆண்டுகளுக்குள் அருந்துவதற்கென்றே செய்யப்படுவது. அதனை நெடுங்காலம் வைத்திருந்தால் பழச்சுவை அகன்று, மணம் மங்கி, வெறும் புளிப்பே எஞ்சும். பத்தாண்டு, இருபதாண்டு என நிலவறையில் கிடந்து மேன்மையடைவது மிகச் சிறுபகுதியே. அச்சிறுபகுதியை எவ்வாறு இனங்கண்டு தேர்வது என்பதுதான் இக்கலையின் சாரம்.

கருந்திராட்சையைப் பிழிந்தால், பெரும்பாலான வகைகளில் வரும் சாறு ஏறத்தாழ நிறமற்றது. ஒயினுக்குச் செந்நிறம் தருவது தோல். சாறு நொதிக்கும் நாள்களில் தோலும் விதையும் அதனுள்ளேயே ஊறுகின்றன. நிறத்தோடு டானின் என்னும் துவர்ப்புப் பொருளும் அப்பொழுது சாற்றில் இறங்குகின்றது. கொட்டைப்பாக்கை மென்றால் நாவும் ஈறும் இறுகிப் பிடிப்பது போன்ற உணர்வு உண்டாகின்றதன்றோ? அதனை உண்டாக்குவதும் இவ்வினத்துத் துவர்ப்பே. நல்ல ஒயினைச் சில திங்கள் ஓக் மரப் பீப்பாயில் வைப்பர். அம்மரமும் தன் பங்கிற்குச் சிறிது துவர்ப்பை ஈயும்.

இத்துவர்ப்புத்தான் ஒயினின் முதிர்ச்சிக்கு அடிப்படை. காலம் செல்லச் செல்ல, டானின் நுண்துகள்கள் ஒன்றோடொன்றும் நிறப்பொருளோடும் இணைந்து பெரியனவாகின்றன. மிகப் பெரியனவாகியவை கரைந்து நிற்க மாட்டாமல் வண்டலாய் அடியிற் படிகின்றன. அதனால் நாவைப் பிடிக்கும் கடுமை தணிகின்றது. ஊதா கலந்த செந்நிறம் செங்கல் நிறமாக மாறுகின்றது. புதுப்பழத்தின் மணம் போய், உலர்ந்த பழம், தோல், புகையிலை, ஈரமண் ஆகியவற்றை நினைவூட்டும் மணங்கள் தோன்றுகின்றன. பிரெஞ்சு அறிஞர் லூயி பாஸ்டர் 1866-ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில், ஒயின் முதிர்வதில் ஆக்ஸிஜனுக்குள்ள பங்கினை எடுத்துரைத்தார். அளவோடு சிறிது சிறிதாகச் சேரும் காற்று அதனைப் பக்குவப்படுத்தும். மிகுதியாகச் சேர்ந்தால் அதே காற்று அதனைக் கெடுத்துவிடும்.

ஆயின் துவர்ப்பு ஒன்றே போதுமோ? போதாது. வைத்துப் பாதுகாக்கத்தக்க ஒயினுக்கு மூன்று உறுப்புகள் வேண்டும் என்பர். துவர்ப்பு ஒன்று, அதனைத் தாங்கும் புளிப்பு ஒன்று, இவ்விரண்டும் தணியும் காலம் வரை வற்றாதிருக்கும் பழச்செறிவு ஒன்று. துவர்ப்பு மிகுந்து பழச்செறிவு குன்றிய ஒயினை முப்பதாண்டு வைத்தாலும் அது இனிமையுறாது. உள்ள பழச்சுவையும் உலர்ந்து கடுமை மட்டுமே நிற்கும். காலம் ஒயினுக்கு இல்லாத குணத்தை அளிப்பதில்லை. உள்ள குணத்தை வெளிக்கொணர்வதே அதன் தொழில்.

இக்கருத்தை விளக்கப் பிரான்சு நாட்டின் பொர்தோப் பகுதியே தக்க சான்று. அங்கே கரோன், தொர்தோஞ் என்னும் இரண்டு ஆறுகள் கூடி, ஜிரோந்து என்னும் கழிமுகமாய் அட்லாண்டிக் கடலை அடைகின்றன. இடக்கரையிலுள்ள மெடோக் நிலம் கூழாங்கல் நிறைந்தது. நீர் தங்காத அந்நிலத்தில் கபர்னே சோவிஞ்ஞோன் என்னும் திராட்சை செழிக்கின்றது. அதன் கனி சிறிது; தோல் தடித்தது; ஆதலின் துவர்ப்பு மிகுதி. வலக்கரையிலுள்ள பொமெரோல், சேன் எமிலியோன் ஊர்களில் மெர்லோ என்னும் வகை மிகுதி. அது சற்று மென்மையானது, முன்னதாகவே பழுப்பது. கடலருகு நாடாதலின் மழையும் வெயிலும் ஆண்டுக்காண்டு வேறுபடும். சீட்டில் அச்சிட்டிருக்கும் ஆண்டு, கனி பறித்த ஆண்டைக் குறிப்பது. ஒரே தோட்டத்தின் ஒயினாயினும், 1961, 1982 ஆகிய ஆண்டுகளின் விளைச்சல் பெரும்புகழ் பெற்றிருக்க, 1963, 1965 ஆகியவற்றைப் பாராட்டுவார் இலர்.

இக்கொடிகளின் வரலாற்றிலும் நம்மனோர் அறியத்தக்க செய்தி ஒன்றுண்டு. 1860-க்குப் பிந்திய ஆண்டுகளில், அமெரிக்காவினின்று வந்த பிலாக்ஸெரா என்னும் சிறு பூச்சி பிரெஞ்சுத் திராட்சைக் கொடிகளின் வேரைத் தாக்கி, தோட்டங்களை அழிக்கத் தலைப்பட்டது. அப்பூச்சிக்கு ஈடுகொடுக்கும் அமெரிக்கக் கொடிகளின் வேரில் பிரெஞ்சுக் கொடியை ஒட்டுக்கட்டியே அத்தொழிலை மீட்டனர். இன்றும் அங்குள்ள கொடிகளில் மிகப் பலவற்றின் வேர் அயல்நாட்டு வழியினது. கனியோ அந்நாட்டுக்கே உரியது. பிழைப்பின் பொருட்டு வேற்றூரில் வேரூன்றிய நம் குடும்பங்களுக்கு இது விளங்காத செய்தியன்று.

1855-ஆம் ஆண்டு பாரிசில் நிகழ்ந்த பொருட்காட்சியை ஒட்டி, பொர்தோத் தரகர்கள் ஒரு பட்டியல் வகுத்தனர். ஏறத்தாழ அறுபது தோட்டங்களின் சிவப்பு ஒயின்களை, அவை சந்தையில் பெற்றுவந்த விலையை அடிப்படையாகக் கொண்டு, ஐந்து தரங்களாகப் பிரித்தனர். லாஃபித், லதூர், மார்கோ, ஓ-ப்ரியோன் என்னும் நான்கும் முதல் தரத்தில் நின்றன. மூத்தோன் ரோத்ஷில்து என்னும் தோட்டம் 1973-இல் இரண்டாம் தரத்தினின்று முதல் தரத்திற்கு உயர்த்தப்பட்டது. நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாகியும், அப்பட்டியலில் நிகழ்ந்த பெருமாற்றம் அது ஒன்றே. தோட்டத்தின் பெயரைக் கண்டே பொருள் வாங்குவோர் இன்றும் அப்பட்டியலையே கைக்கொள்கின்றனர்.

எனினும் பெயர் மட்டும் போதுமா என்னும் ஐயத்தை ஒரு சோதனை எழுப்பியது. 1976-ஆம் ஆண்டு மே திங்கள், ஸ்டீவன் ஸ்பரியர் என்னும் ஆங்கில வணிகர், பாரிசில் பிரெஞ்சு வல்லுநர்களைக் கூட்டி, எது எந்நாட்டது எனக் காட்டாமல், கலிபோர்னிய ஒயின்களையும் பிரெஞ்சு ஒயின்களையும் சுவைக்கச் செய்தார். சிவப்பு ஒயினில் முதலிடம் பெற்றது கலிபோர்னியாவின் ஸ்டாக்ஸ் லீப் தோட்டத்து 1973-ஆம் ஆண்டு விளைச்சல். "அவை இளமையிலேதான் கவரும், நெடுங்காலம் நிற்கமாட்டா" என்று அப்பொழுது வாதிட்டோர் உளர். முப்பதாண்டு கழித்து, 2006-இல், அதே சிவப்பு ஒயின்களை மீண்டும் சுவைத்துப் பார்த்தனர். முதல் ஐந்து இடங்களும் கலிபோர்னியாவிற்கே கிட்டின. 1976-இல் ஐந்தாம் இடத்தில் நின்ற ரிட்ஜ் தோட்டத்து 1971-ஆம் ஆண்டு ஒயின் இம்முறை முதலாவதாக வந்தது. இளமையில் முன்னின்றது ஒன்று. முதிர்ந்தபின் முன்னின்றது மற்றொன்று.

நல்லதைத் தேர்ந்துவிட்டாலும் பாதுகாப்பில் பிழை நேருமாயின் பயனில்லை. வெப்பம் 12 அல்லது 13 டிகிரி சென்டிகிரேடில் மாறாது நிற்கவேண்டும். ஏறி இறங்கும் வெப்பம், ஒரே நிலையில் நிற்கும் சற்று மிகுந்த வெப்பத்தினும் தீயது. ஒயின் விரிந்து சுருங்கத் தக்கை தளர்ந்து காற்று உட்புகும். தக்கை உலராதிருக்கும் பொருட்டுப் புட்டியைப் படுக்க வைத்தல் வேண்டும். அறைக் காற்றில் ஈரப்பதம் 70 விழுக்காட்டளவு இருத்தல் நன்று. வெளிச்சமும் அதிர்ச்சியும் ஆகா. 1.5 லிட்டர் கொள்ளும் பெரிய புட்டியில் முதிர்ச்சி மெதுவாகவும், அரைப் புட்டியில் விரைவாகவும் நிகழும். ஐரோப்பாவில் நிலத்தின்கீழ் அறை தோண்டி வைத்ததன் காரணம் இதுவே. மண்ணின் ஆழத்தில் கோடையும் குளிரும் ஏறத்தாழ ஒன்று.

பழம்புட்டிகளை விலைக்கு வாங்குவோர், அது இதுவரை யாரிடம், எவ்விடத்தில் இருந்தது என்று கேட்டறிவர். கழுத்தில் ஒயினின் மட்டம் எவ்வளவு இறங்கியிருக்கின்றது என்றும் நோக்குவர். மிகவும் இறங்கியிருப்பின் தக்கை பழுதென்பது பொருள். போலிகளும் உண்டு. 2008-ஆம் ஆண்டு நியூயார்க் ஏலம் ஒன்றில், போன்சோ என்னும் தோட்டத்தாரின் கிளோ சேன் தெனி ஒயின் எனச் சில புட்டிகள் வந்தன. அவற்றுள் ஒன்று 1945-ஆம் ஆண்டினது என்றனர். அத்தோட்டத்தாரோ அவ்வொயினை 1982-க்கு முன் செய்ததே இல்லை. தோட்ட உரிமையாளரே நேரில் சென்று தடுத்தார். அப்புட்டிகளைக் கொணர்ந்த ரூடி குர்னியவான் என்பார் 2013-இல் குற்றவாளி எனத் தீர்க்கப்பட்டு, மறு ஆண்டில் பத்தாண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். செல்வத்திற் சிறந்தோரையும் ஏமாற்ற, பழைய ஆண்டு ஒன்றை அச்சிட்ட சீட்டே போதியதாயிற்று. "ஒயினில் பணம் போடுங்கள், பன்மடங்காகும்" என்று அழைப்பவர் எவராயினும் நம் அன்பர்கள் இதனை நினைவிற் கொள்க.

அறிந்தோர் கைக்கொள்ளும் முறை எளியது. ஒரே ஒயினில் பன்னிரண்டு புட்டிகள் வாங்கி, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒன்றைத் திறந்து பார்ப்பர். கடுமை இன்னும் விஞ்சியிருப்பின் எஞ்சியவற்றைத் தொடாது வைப்பர். பக்குவம் வந்திருப்பின் அவ்வாண்டுகளிலேயே அருந்தி முடிப்பர். உச்சநிலையை அடைந்த ஒயின் அங்கேயே நிற்பதில்லை. பின்னர் இறங்கத் தொடங்கும். பழையதைத் திறக்குமுன் ஒரு நாள் புட்டியை நிமிர்த்தி வைத்து வண்டல் அடங்கச் செய்து, விளக்கொளியில் கழுத்தைப் பார்த்தவண்ணம் தெளிவை மட்டும் வேறு கலத்தில் மெல்ல இறுப்பர்.

இனி நம் இல்லத்து அலமாரிக்கு வருவோம். கோடையில் நாற்பது டிகிரியை எட்டும் ஊர்களில், அங்கே நிறுத்திய புட்டி ஓரிரு கோடைகளிலேயே பழுதுறத் தொடங்கும். பத்தாண்டுக்குப்பின் அதில் வியத்தற்கு ஒன்றுமிராது. பரிசளித்தவர் தனியே குறிப்பிட்டாலன்றி, அது விரைவில் அருந்தற்குரிய வகை என்றே கொள்ளலாம். நம் நாசிக் பகுதியில் உண்டாகும் சிவப்பு ஒயின்களும் பெரும்பாலும் அத்தகையனவே. வீட்டில் அருந்துவார் இல்லையெனின், அருந்தும் நண்பர்க்கு அவ்வாண்டே அளித்துவிடுதல் தக்கது. திறந்த புட்டி, தக்கையிட்டுக் குளிர்பெட்டியில் வைத்தாலும் சில நாள்களே தாங்கும். குஜராத், பீகார் போன்று மதுவிலக்கு நடைமுறையிலுள்ள மாநிலங்களில் வாழும் அன்பர்கள், தக்க அனுமதியின்றி ஒரு புட்டியை வைத்திருத்தலும் குற்றமாகும் என்பதைப் பிள்ளைகள் பெட்டி கட்டுமுன்னரே எழுதித் தெரிவித்தல் வேண்டும்.

புதுப் புளியைக் கோதிக் கொட்டை நீக்கி, உப்பிட்டுச் சாடியில் அடைத்து வைப்பவர் நம் அன்னையர். சொத்தை விழுந்த புளியை அவர்கள் சாடியில் இடுவதில்லை. ஓராண்டு கழித்து அது நல்ல புளியாகிவிடும் என்று எண்ணுவதுமில்லை. பொர்தோ நாட்டு நிலவறைக்காரனும் அவ்வாறே, வைக்கத்தக்கது எது என்பதை வைக்கும் நாளிலேயே தேர்ந்து கொள்கின்றான். அன்று அவன் வாயிற் பட்டது கடுந்துவர்ப்பே. அதனுள்ளே பழம் நிறைந்திருப்பதை அறிந்துதான் அவன் கதவைச் சாத்துகின்றான்.