நெருங்கி வாழ்வோருக்குப் பேருந்து எங்கே?

பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லையோர ஊர்களில் வானளாவிய அடுக்குமாடிகள் அரிது. மக்கள் நெருக்கமோ குறைவன்று. 2011 கணக்கெடுப்பின்படி இந்தியாவில் ஒரு சதுர கிலோமீட்டருக்கு 382 பேர். திருவனந்தபுரம் மாவட்டத்தில் ஏறத்தாழ 1,500 பேர். மூன்று சென்ட், ஐந்து சென்ட் எனத் துண்டுபட்ட புரையிடங்களில் வீட்டையொட்டி வீடாக அமைந்த நெருக்கம் இது.

இந்நெருக்கத்தைப் பெருக்கியதில் நெடுஞ்சாலைக்கும் பங்குண்டு. 1938இல் திருவிதாங்கூர் அரசு பேருந்துப் போக்குவரத்தைத் தன் கையில் எடுத்தபோது, திருவனந்தபுரம்–கன்னியாகுமரிச் சாலையில்தான் தொடங்கியது. 1956இல் மாநில எல்லை அச்சாலையைக் களியக்காவிளையருகே பிரித்தது. 1979இல் இருப்புப்பாதையும் வந்தது. ஆயினும் இவை எல்லாம் ஒரே கோட்டில் செல்கின்றன. சாலையிலிருந்து மூன்று கிலோமீட்டர் உள்ளே குடியிருப்பவருக்கு அக்கோடு எட்டாதது. நகரத்துத் துணிக்கடையில் வேலை முடித்து இரவில் பாறசாலையில் இறங்கும் பெண், அன்றைய கூலியில் ஒரு பங்கை ஆட்டோவுக்குக் கொடுத்தே வீடு சேர வேண்டியிருக்கிறது. கிலோமீட்டருக்கு எவ்வளவு வசூல் என்று மட்டும் பார்க்கும் கணக்கில் அவளுக்கான பேருந்து என்றும் நட்டமே.

வீட்டுவசதிக் கொள்கை இதைக் காண்பதில்லை. கேரளத்தின் 2019ஆம் ஆண்டுக் கட்டட விதிகள், அடுக்குமாடிக்கு எத்தனை மகிழுந்துகளுக்கு இடம் விட வேண்டும் என்று அளந்து சொல்கின்றன. மகிழுந்து இல்லாதவர் எதில் செல்வார் என்பதையும் அதே கண்டிப்புடன் கேட்க வேண்டாமா? பிரேசிலின் குரிடிபா நகரம் 1970களிலேயே பேருந்துத் தடங்களை ஒட்டியே உயர்ந்த கட்டடங்களை அனுமதித்தது. சென்னையோ 2000க்குப் பின் குடிசைவாழ் மக்களை நகருக்கு வெளியே கண்ணகி நகரில் குடியேற்றியது. வீடு கிடைத்தது, தொலைவின் காரணமாக வீட்டுவேலை செய்த பெண்கள் பலர் பிழைப்பை இழந்தனர்.

எல்லையோர ஊர்கள் இனி மேல்நோக்கியும் வளரும். நிலமற்றோருக்கான அடுக்கு வீடுகள் பாறசாலை, தனுவச்சபுரம், நெய்யாற்றின்கரை ரயில் நிலையங்களுக்கு நடந்து செல்லும் தொலைவில் எழ வேண்டும். ஏற்கெனவே நெருங்கி வாழும் உள்ளூர்களுக்கு, வசூலைப் பாராது குடும்பங்களின் எண்ணிக்கையைக் கொண்டு காலையும் இரவும் பேருந்து உறுதிசெய்யப்பட வேண்டும். குடிநீரும் மின்சாரமும் இன்றி எவ்வீடும் முழுமையானதன்று. பேருந்தும் அவ்வரிசையில் சேர வேண்டியதே.