கோணிதான் மூடியா?

வீட்டில் தண்ணீர் வற்றியதும் போர் வண்டியைத் தேடி ஓடுகிறோம். கடன் வாங்கியாவது 200 அடி, 300 அடி இறக்குகிறோம். தண்ணீர் வரவில்லையா? மோட்டாரை உருவிக்கொண்டு, கேசிங் பைப்பின் வாயில் ஒரு கோணியைத் திணித்து, மேலே ஒரு கல்லைத் தூக்கி வைக்கிறோம். "சரி, மூடியாச்சு" என்று கையைத் தட்டிக்கொண்டு போய்விடுகிறோம்.

மூடியாச்சா?

2019 அக்டோபர் 25. தீபாவளிக்கு இரண்டு நாள் முன்பு. திருச்சி மாவட்டம் மணப்பாறை பக்கத்தில் நடுக்காட்டுப்பட்டி. அங்கே 2 வயதுச் சிறுவன் ஆழ்துளைக் கிணற்றில் விழுந்தான். தமிழ்நாடே டெலிவிஷன் முன்னால் உட்கார்ந்து வேண்டிக்கொண்டது. பக்கத்தில் குழி தோண்டினார்கள். பாறை குறுக்கே நின்றது. 29-ந் தேதி அதிகாலையில், 88 அடி ஆழத்தில் இருந்து பிணமாகத்தான் அவனை எடுக்க முடிந்தது.

அது மண் போட்டு மூடிய கிணறு, மழையில் மண் உள்வாங்கிவிட்டது என்று அப்போது செய்திகள் வந்தன. எல்லாம் முடிந்த பிறகு கான்கிரீட் கொட்டி மூடினார்கள். பிள்ளை போன பிறகு கொட்டிய கான்கிரீட் யாருக்கு?

எப்படி மூட வேண்டும்?

2010-ல் சுப்ரீம் கோர்ட்டு தெளிவாகச் சொல்லிவிட்டது. கைவிட்ட போரை அடியில் இருந்து தரைமட்டம் வரை நிரப்ப வேண்டும். களிமண், மணல், கூழாங்கல், போர் போட்டபோது வந்த கல்தூள் எல்லாம் போடலாம். சரியாக மூடியதற்கு அதிகாரிகளிடம் சான்றிதழும் வாங்க வேண்டும்.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. மண்ணை ஒரேயடியாகக் கொட்டினால் அது பாதியிலேயே அடைத்துக்கொள்ளும். மேலே பார்த்தால் நிரம்பிய மாதிரி இருக்கும். கீழே வெற்றிடம்! ஒரு மழைக்கு எல்லாம் சரிந்துவிடும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆறரை அங்குலத் துளை, 200 அடி ஆழம் என்றால் சுமார் 46 கன அடி பிடிக்கும். கிட்டத்தட்ட அரை யூனிட் மணல். பத்துக் கூடையில் நிரம்பிவிட்டது என்று ஆள் சொன்னால் நம்பாதீர்கள். உள்ளே கிடக்கும் பைப், கயிறு எல்லாவற்றையும் முதலில் எடுங்கள். கொஞ்சம் கொஞ்சமாகப் போடச் சொல்லுங்கள். கயிற்றில் கல்லைக் கட்டி இறக்கி, எவ்வளவு ஏறியிருக்கிறது என்று அடிக்கடி பாருங்கள். மேல்பகுதியைச் சிமெண்டுக் கலவை போட்டு இறுக அடையுங்கள்.

சாக்கடையை விடலாமா?

இன்னும் சில புத்திசாலிகள் இருக்கிறார்கள். "சும்மாதானே கிடக்கு" என்று செத்த போரில் கழிவுநீர்க் குழாயைச் செருகிவிடுகிறார்கள்.

இது பக்கத்து வீட்டுக்காரருக்கு விஷம் வைக்கிற வேலை! மேலே இருந்து இறங்கும் அழுக்கை மண் அடுக்குகள் கொஞ்சமாவது வடிகட்டும். போரில் விட்டால் அந்த வடிகட்டலே கிடையாது. நேராக நிலத்தடி நீரில் போய்ச் சேரும். இன்று நீங்கள் விட்டது, நாளைக்கு உங்கள் குடத்துக்கே திரும்பி வரும்.

மாடி மழைநீரை வடிகட்டி விட்டு, காய்ந்த போரை உயிர்ப்பிக்கலாம். நல்ல காரியம். ஆனால் அதன் வாயையும் போல்ட்டு போட்ட மூடியால் பூட்டி வைக்க வேண்டும்.

அதிகாரிகளும் ஒரு பிள்ளை விழுந்த மறுநாள் மட்டும் டேப்பை எடுத்துக்கொண்டு ஓடினால் போதாது. தெருத் தெருவாகக் கணக்கெடுக்க வேண்டும். மூடாதவர்கள் மீது நடவடிக்கை எடுக்க வேண்டும்.

போர் போட ஆயிரக்கணக்கில் செலவு செய்தோம். மூடுவதற்கு அரை யூனிட் மணலும் ஒரு நாள் கூலியும் பெரிய செலவா?

இன்று வீட்டுக்குப் போனதும் கொல்லைப்புறத்தை ஒரு தடவை எட்டிப் பாருங்கள். அங்கே கோணி செருகிய குழாய் ஏதாவது நிற்கிறதா?