தூசுதானே என்று நினைக்கலாமா?

கண்ணுக்குத் தெரியாத 'நானோ' தூளால் வரும் இரண்டு ஆபத்துகள்

சீனாவில் குன்ஷான் என்று ஒரு நகரம். அங்கே கார் சக்கரங்களுக்கு மெருகு போடும் தொழிற்சாலை ஒன்று இருந்தது.

2014-ம் ஆண்டு ஆகஸ்டு 2-ந் தேதி. காலை 7½ மணி. தொழிலாளர்கள் வேலை செய்துகொண்டிருந்தார்கள். திடீரென்று பயங்கரச் சத்தம்! தொழிற்கூடம் வெடித்துச் சிதறியது. அன்றே 75 பேர் மாண்டார்கள். தீக்காயம் பட்ட பலர் பின்னர் இறந்தார்கள். மொத்தச் சாவு 146.

வெடித்தது வெடிமருந்து அல்ல. மெருகு போடும்போது உதிர்ந்த அலுமினியத் தூசு!

தூசு எப்படி வெடிக்கும்?

அடுப்பு மூட்டுகிறவர்கள் முதலில் பெரிய கட்டையை வைப்பது இல்லை. சிராயைத்தான் வைப்பார்கள். சிராய் உடனே பற்றும். அதில் காற்று படும் இடம் அதிகம். அதுதான் காரணம்.

சிராயையும் பொடியாக்கினால்? காற்று படும் இடம் பல மடங்கு பெருகும். அந்தப் பொடி மூடிய அறையில் புகைபோல் பரவி நிற்கும்போது ஒரு பொறி விழுந்தால் போதும். எல்லாத் துகளும் ஒரே நேரத்தில் எரியும். சூடான காற்று விரிந்து சுவரைப் பிளக்கும். அந்த அதிர்ச்சியில் உத்தரத்திலும் மூலை முடுக்கிலும் படிந்த தூசு கிளம்பும். அதுவும் வெடிக்கும். இரண்டாவது வெடிதான் பெரும்பாலும் ஆளை விழுங்குகிறது.

மயிரிழையிலும் மெல்லியது

குன்ஷானில் வெடித்தது சாதாரணத் தூசு. இப்போது அதைவிட மிக நுண்ணிய தூளை மனிதர்கள் வேண்டும் என்றே செய்கிறார்கள். அதன் பெயர் நானோ துகள்.

ஒரு மீட்டரை 100 கோடிக் கூறு போட்டால், ஒரு கூறு ஒரு நானோமீட்டர். நானோ துகளின் அளவு 1 முதல் 100 நானோமீட்டர். தலைமயிரின் பருமனோ ஏறக்குறைய 80 ஆயிரம் நானோமீட்டர்!

வெயிலுக்குப் பூசும் களிம்பில் டைட்டானியம் டை ஆக்சைடு, துணியில் வெள்ளி, பாட்டரியில் கரி என்று இந்தத் தூள் பல பொருள்களில் சேருகிறது.

களிம்பைப் பூசிக்கொள்கிறவர் இந்த வெடிக்குப் பயப்பட வேண்டியது இல்லை. களிம்பில் உள்ள தூள் காற்றில் பறக்காது. ஆபத்து, உலர்ந்த தூளைக் கொட்டி, கலந்து, கூட்டிப் பெருக்கும் தொழிலாளிக்குத்தான்.

சின்னப் பொறி போதும்

பாலியெஸ்டர் சட்டையைக் கழற்றும்போது சில சமயம் சடசடவென்று பொறி பறக்கும். உடம்பில் சேரும் அதே மின்சாரம், நானோ அலுமினியத் தூளைப் பற்ற வைக்கப் போதும்.

துகள் சிறுத்துக்கொண்டே போனால் வெடியின் வேகமும் ஏறிக்கொண்டே போகும் என்று சொல்ல முடியாது. மிகச் சிறிய துகள்கள் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொள்கின்றன. ஆனால் பற்றுவது சுலபம். பயம் அங்கேதான்.

ரத்தத்தில் தங்கம்!

இரண்டாவது ஆபத்து சத்தம் போடாது. பெரிய தூசை மூக்கும் தொண்டையும் தடுத்துவிடும். நானோ துகள் நுரையீரலின் அடி வரை போகும்.

2017-ல் எடின்பரோ விஞ்ஞானிகள் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டார்கள். சம்மதித்து வந்த சிலரை நானோ தங்கத் துகளைச் சுவாசிக்கச் செய்தார்கள். ஒரு நாளுக்குள் அவர்கள் ரத்தத்தில் தங்கம் தெரிந்தது. மூன்று மாதம் கழித்தும் இருந்தது!

நீண்ட கரி நானோ குழாய்கள், ஆஸ்பெஸ்டாஸ் செய்வது போன்ற கெடுதலைச் செய்வதாக 2008-ல் எலிகளிடம் கண்டார்கள். அந்தக் குழாய்களில் ஒரு வகையை, மனிதனுக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்ற பட்டியலில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2014-ல் சேர்த்தது.

சட்டம் எங்கே நிற்கிறது?

அமெரிக்கச் சட்டத்தில் டைட்டானியம் டை ஆக்சைடு தூசுக்கு ஒரு வரம்பு உண்டு. ஒரு கன மீட்டர் காற்றில் 15 மில்லிகிராம். அந்நாட்டுத் தொழில் சுகாதார ஆராய்ச்சி நிலையம் 2011-ல் வேறு கணக்குச் சொன்னது. மிக நுண்ணிய தூளாக இருந்தால் 0.3 மில்லிகிராமுக்கு மேல் கூடாது என்றது. ஐம்பதில் ஒரு பங்கு! ஆனால் இது ஆலோசனைதான்; சட்டம் அல்ல.

பழைய வரம்பு எடையை மட்டும் பார்க்கிறது. துகளின் சிறுமையைப் பார்க்கவில்லை. கோளாறு இதுதான்.

வழி உண்டு

இரண்டு ஆபத்துக்கும் மருந்து ஒன்றே. தூளைப் பறக்க விடக்கூடாது.

மூடிய இயந்திரத்தில் கலக்க வேண்டும். கிளம்பும் தூளை அங்கேயே உறிஞ்சி வடிகட்ட வேண்டும். இயந்திரங்களுக்குத் தரைக்கம்பி இணைக்க வேண்டும். துடைப்பத்தால் பெருக்கக்கூடாது, காற்றடித்து ஊதவும் கூடாது. அலுமினியத் தூளில் ஈரம் படவிடக்கூடாது. குன்ஷானில் ஈரம் பட்ட தூசு சூடேறியதே தீக்குக் காரணம் என்று விசாரணையில் தெரிந்தது.

முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டால் போதாது. தகுந்த முகமூடி வேண்டும். வேலை உடுப்பை ஆலையிலேயே மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் தூள் வீட்டுக்கு வரும். குழந்தை அதைச் சுவாசிக்கும்.

இதற்கெல்லாம் செலவு ஆகும். அந்தச் செலவை முதலாளி செய்யாவிட்டால், தொழிலாளியின் நுரையீரல் செய்யும்.