ஆவணம் எழுதுவோரும் பராமரிப்பாளரே

மூலநிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம், பிறருக்கு வழங்கலாம் என்னும் உன்னதக் கொள்கையின்மேல் எழுந்த திறமூல மென்பொருள் திட்டங்களில், நிரல் எழுதுகிறவருக்குக் காலக்கிரமத்தில் பராமரிப்பாளர் என்ற ஸ்தானம் கிடைத்துவிட, அந்நிரலை நிறுவும் முறைமுதல் அது காட்டும் பிழைச்செய்தியின் பொருள்வரை சாமானியருக்கும் புரியும்படி விளக்கி எழுதுகிறவர் மட்டும் ஆண்டுக்கணக்கில் உழைத்தும் வாசற்படியிலேயே நிற்க நேர்வது நியாயமன்று.

தாம் எழுதிய பக்கத்தில் ஒரு பிழையைத் திருத்தவும் அவர் இன்னொருவரின் அங்கீகாரத்துக்குக் காத்திருக்கிறார். நிரலில் மூழ்கிய பராமரிப்பாளருக்கோ அதைப் படிக்க அவகாசம் இல்லை. இதற்கிடையே புதிய பதிப்பு வெளிவந்து, பழைய விளக்கம் பொய்யாகிவிடுகிறது. 2017-இல் நிரல் பகிர்வுத் தளமான கிட்ஹப் நடத்திய திறமூல ஆய்வில் பதிலளித்தோரில் 93 சதவீதத்தினர் குறைபட்ட அல்லது காலாவதியான ஆவணங்களைக் கண்டதாகக் கூறினர். பங்களிப்போரில் 60 சதவீதத்தினரோ ஆவணப் பணியில் அரிதாகவே ஈடுபடுவதாகவோ, ஈடுபடுவதே இல்லை என்றோ தெரிவித்தனர். அந்தஸ்து இல்லாத ஊழியத்துக்கு ஆள் சேராததில் ஆச்சரியம் என்ன?

நாம் கோருவது அனுபவத்தில் காணாத புதுமையன்று. ஃப்ரீபிஎஸ்டி இயங்குதளத் திட்டம் நெடுங்காலமாகவே மூலநிரலுக்கும், பிற மென்பொருள்களின் தொகுப்புக்கும், ஆவணத்துக்கும் தனித்தனியே எழுதும் உரிமை வழங்கி, ஆவணத் துறையினரையும் மையக் குழுவின் தேர்தலில் வாக்காளராக்கியிருக்கிறது. டெபியன் என்னும் இயங்குதளத் திட்டம் 2010 அக்டோபரில் வாக்கெடுப்பு நடத்தி, பொதி (நிறுவத்தக்க மென்பொருள் கட்டு) தயாரிக்காத பங்களிப்பாளரையும் அங்கத்தினராக ஏற்றது. பொதிகளைப் பதிவேற்றும் அதிகாரம் அவர்களுக்கு இல்லையெனினும், திட்டத் தலைவரைத் தேர்ந்தெடுக்கும் வாக்கு உண்டு.

ஆவணம் எழுதுவோருக்கும் அதிகாரம் தந்தால் பாதுகாப்பு என்னாகும் என்பதே பிரதான ஆட்சேபம். அது அலட்சியம் செய்யத்தக்கதும் அன்று. 2024 மார்ச்சில் எக்ஸ்இசட் என்னும் தரவுச்சுருக்க மென்பொருளில் இரகசியப் பின்வாசல் ஒன்று கண்டுபிடிக்கப்பட்டபோது உலகமே திடுக்கிட்டது. ஆனால் அந்த வஞ்சகச் செயலுக்குரியவர் பராமரிப்பாளராக உயர்ந்தது, தொடர்ந்து நிரல் பங்களித்துச் சம்பாதித்த நம்பிக்கையினால்தான். ஆகவே நிரல் எழுதுவது நாணயத்துக்குச் சான்றாகாது; ஆவணம் எழுதுவது அவநம்பிக்கைக்குக் காரணமும் ஆகாது. அதிகாரத்தை அதற்குரிய பகுதியோடு வரையறுப்பதே பரிகாரம். குபெர்னெட்டீஸ் திட்டம் எந்தக் கோப்புறைக்கு யார் ஒப்புதல் தரலாம் என்பதை அந்தந்தக் கோப்புறையிலேயே எழுதிவைத்து, இதைச் சாத்தியமாக்கியிருக்கிறது.

எழுதும் உரிமையோடு ஆலோசனையில் இடமும் வேண்டும். ஒரு வசதியை எத்தனை பக்கம் எழுதியும் தெளிவாக்க முடியவில்லையென்றால் குறை பெரும்பாலும் அதன் அமைப்பிலேயே இருக்கும். அதைப் பயனருக்கு முன்பே உணர்கிறவர் விளக்கம் எழுதுகிறவர். அவர் சொல் சபையேறாவிடில் நஷ்டம் திட்டத்துக்கே. நூல் இயற்றியவரை நூலாசிரியர் என்பதுபோல், அதை விளக்கியவரையும் உரையாசிரியர் என்றே போற்றும் தமிழருக்கு இந்த நியாயம் எளிதில் விளங்கும்.

எனவே, திறமூலத் திட்டங்களை நடத்தும் பெரியோர்களை வேண்டுகிறோம்: தொடர்ந்து உழைத்துத் தகுதியை நிரூபித்த ஆவணப் பங்களிப்பாளருக்கு, ஆவணப் பகுதியில் முழு அதிகாரமும், திட்டத்தின் தீர்மானங்களில் சமமான வாக்கும் தாருங்கள், பராமரிப்பாளர் பட்டியலில் அவருடைய பெயரையும் எழுதுங்கள்.