யார் வாயில் எந்தச் சொல்?

பிறமொழிச் சொற்களை வைத்துக்கொள்வதா, விலக்குவதா என்று தமிழர்கள் நூறாண்டுக்கு மேலாக வாதிட்டு வருகிறோம். அந்த வாதம் தொடரட்டும். ஆனால் எந்த ஊரில், எந்தத் தொழிலில், எந்தச் சொல் புழங்குகிறது என்று குறித்துவைப்பதில் இரு தரப்பும் இன்றே கைகோக்கலாம். விலக்க நினைப்பவருக்கும் எது புழங்குகிறது என்று தெரிந்தாக வேண்டுமே!

சாவி, ஜன்னல், அலமாரி, மேசை எல்லாம் போர்த்துக்கீசியத்திலிருந்து வந்து நம் வீட்டுக்குள் அமர்ந்தவை. வசூலும் பாக்கியும் தாசில்தாரும் அரபு, பாரசீகச் சொற்கள். வரி வாங்கிய ஆட்சியோடு வந்தவை. யாரிடம் பொருள் வாங்கினோம், யாருக்கு வரி கட்டினோம் என்பதற்கு இந்த வேறுபாடே சான்று. இலங்கைத் தமிழில் பாணும் அலவாங்கும் போர்த்துக்கீசியருடையவை, கந்தோர் டச்சுக்காரருடையது. நாமும் கொடுத்திருக்கிறோம். மலாய் மொழி நம் கப்பலையும் கடையையும் எடுத்துக்கொண்டது. கட்டுமரம் ஆங்கிலத்துக்குப் போனது.

சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட தமிழ் லெக்சிகன் பெரும்பணி. 1992-இல் வந்த க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி அடுத்த பெரிய முயற்சி. ஆயினும் வலை பின்னுகிறவரும் தறி ஓட்டுகிறவரும் வேலைக்கு நடுவே பேசிக்கொள்வது அச்சை நம்பும் அகராதிக்கு எளிதில் எட்டாது. நேரில் போய்க் கேட்க வேண்டும். அதற்குப் பேராசிரியர்கள் மட்டும் போதமாட்டார்கள்.

1879-இல் ஆக்ஸ்ஃபோர்டு அகராதிக்காக ஜேம்ஸ் மர்ரே பொதுமக்களிடமே உதவி கேட்டார். ஊதியம் வாங்காத வாசகர்கள் சீட்டுச் சீட்டாக எழுதி அனுப்பினார்கள். நம் கல்லூரிகளில் 1969 முதல் நாட்டு நலப்பணித் திட்டம் இருக்கிறது. அதில் ஏழு நாள் சிறப்பு முகாமும் உண்டு. அந்த முகாமில் ஒரு பகுதியைச் சொல் திரட்டலுக்கு ஒதுக்கலாம். மொழியியல் மாணவர்கள் மற்றவர்களுக்குக் கேட்கவும் ஒலி குறிக்கவும் கற்றுத்தரட்டும்.

தொண்டு என்பதற்காக மாணவரின் பேருந்துச் செலவை அவர் தலையிலேயே கட்டக் கூடாது. அதைக் கல்லூரி ஏற்கட்டும். சொல் தருபவரின் இசைவைக் கேட்டே பதிவு செய்ய வேண்டும். அவர் விரும்பினால் பெயரும் இடம்பெறட்டும். வீட்டுப் பெரியவர்களிடம் பிள்ளைகளை அழைத்துப் போகும் பொறுப்பு ஊராருடையது. திரட்டியதன் ஒரு படி பல்கலைக்கழகத்துக்குப் போனால், மற்றொரு படி அந்த ஊர் நூலகத்தில் இருக்க வேண்டும்; பிழை கண்டவர் அங்கேயே திருத்தி எழுத வசதியாக.