குடியை விட்ட பிறகு வரும் சிவராத்திரிகள்

குடியை விட்டவரைப் பார்த்தால் "ஆசை வருதா?" என்றுதான் எல்லோரும் கேட்கிறோம். "ராத்திரி தூங்குறீங்களா?" என்று கேட்பதே மேல் என்பது என் கட்சி. ஆசையை அடக்கியவர்கள்கூடத் தூக்கத்துக்காக மறுபடி கடைக்குப் போனதைப் பார்த்திருக்கிறேன்.

பசுமலையில் எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி, என்னோடு வேலை பார்த்தவர் இருக்கிறார். டாக்டரிடம் காட்டிக் குடியை விட்டார். இரண்டு வாரம் கழித்து அவர் மனைவி என் வீட்டம்மாவிடம், "குடிச்சப்பயாவது தூங்குனாரு. இப்ப ராத்திரி பூராம் நடக்குறாரு. ஒரு கட்டிங் போட்டுட்டாவது படுக்கட்டும்னு தோணுதுக்கா" என்றாராம். அந்த அம்மாவைக் குறை சொல்ல மாட்டேன். இப்படி ஆகும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை.

போதையில் வருவது பாதி மயக்கம். முன்னிரவில் அடித்துப் போட்ட மாதிரி கிடப்பார். வேகம் இறங்கியதும் இரண்டு மூன்று மணிக்கு வியர்த்து விழிப்பார். கனவு காணும் தூக்கத்தை மது குறைத்துவிடுகிறது. நிறுத்தியதும் மூளை அந்த நிலுவையை மொத்தமாக வசூலிக்கும், கெட்ட கனவுகள் உட்பட. (குமாஸ்தா உதாரணம், பொறுத்துக்கொள்ளுங்கள்.) தூக்கம் சீராகச் சிலருக்குச் சில வாரம், சிலருக்குப் பல மாதம்.

புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் நான். தூங்காத இரவை அந்த மொழியில் 'நுய் பிளான்ஷ்', வெள்ளை இரவு என்பார்கள். நமக்கு அது சிவராத்திரி. விடிந்தால் முடிந்துவிடும் என்று தெரிவதால்தான் சிவராத்திரியில் கண்விழிக்க முடிகிறது. இவர்களுக்கு அந்த விடியல் எப்போது என்றே தெரிவதில்லை.

நண்பர் எத்தனை மணிக்குத் தூங்கினாலும் ஐந்துக்கு எழுந்துவிடுவார். பகல் தூக்கம் இல்லை, மதியத்துக்கு மேல் காபி, டீ இல்லை. தூக்கம் வராவிட்டால் புரண்டுகொண்டிராமல் எழுந்து திண்ணையில் உட்காருவார், கண் சொக்கினால் உள்ளே போவார். தூக்க மாத்திரையைத் தானாக வாங்கவில்லை. அது ஒரு பழக்கத்துக்குப் பதில் இன்னொன்றாகிவிடும். நாலு மாதத்தில் தூக்கம் வந்தது.

2003 முதல் அரசே சில்லறைக் கடை நடத்துகிறது. மது உடல்நலத்துக்குக் கேடு என்று பாட்டிலிலேயே போட்டிருக்கிறது. அதை நம்பி விடுகிறவருக்கு முதல் மாதங்களின் ராத்திரி எப்படி இருக்கும் என்று ஒரு துண்டுச் சீட்டு கொடுக்கலாமே. சிகிச்சை முடிந்து அனுப்பும்போது, மனைவி கையிலும் ஒன்று.

ஒரு எச்சரிக்கை. தினமும் நிறையக் குடித்தவர் வீட்டிலேயே சட்டென்று நிறுத்தக் கூடாது. முதல் சில நாளில் கை நடுக்கம், வலிப்பு, இல்லாத உருவம் தெரிவது எல்லாம் வரலாம், உயிருக்கே ஆபத்து. மதுரை ராஜாஜி அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. போதை மீட்புக்கான தேசிய இலவசத் தொலைபேசி எண் 14446.