வெளியிட்ட பிறகுதான் வேலை



எங்களில் கனபேர் துப்பாக்கிச் சூட்டு வீடியோ கேம் ஆடுகிறவர்கள். கூட்டங்களில் அதை வெளியே சொல்ல மாட்டார்கள், அவ்வளவுதான். இந்த மாத ஆசிரியர் தலையங்கம் அப்படியொரு கேமைப் பற்றியது. அது எங்கட மொன்றியலில், மைல் எண்டில் செய்யப்படுகிறது. அதைச் செய்கிற ஆக்களின் உழைப்பைப் பற்றி நாங்கள் கதைப்பதே இல்லை.

யூபிசொஃப்ட்டின் மொன்றியல் ஸ்டூடியோ செய்த 'ரெயின்போ சிக்ஸ் சீஜ்' 2015 டிசம்பர் 1ஆம் திகதி வெளிவந்தது. அணிக்கு ஐந்து பேர். ஒரு அணி கட்டடத்துக்குள் காவல் நிற்கும், மற்றது சுவரை உடைத்து உள்ளே வர வேணும். யோசனை அருமை, ஆனால் வந்த நேரத்தில் நிலைமை அப்படியில்லை. முழு விலைக்கு விற்ற கேமில் தனியாக ஆட ஒரு கதைப்பகுதி இல்லை. ஆட்டத்துக்கு ஆள் சேர்க்கிற முறை சறுக்கியது, சேர்வர்கள் தடுமாறின. அப்படி வந்த கேம் பத்து வருடம் தாண்டியும் ஆடப்படுகிறது. 2025 ஜூனில் 'சீஜ் எக்ஸ்' என்ற பெயரில் இலவசமாகவும் திறந்துவிட்டார்கள்.

இடையில் என்ன நடந்தது? அப்டேட்டுக்கு மேல் அப்டேட். அதில் எனக்கு முக்கியமாகப் படுவது 2017இன் 'ஒப்பரேஷன் ஹெல்த்'. மூன்று மாதத்துக்கு ஒருக்கால் புதுப் பாத்திரம், புது வரைபடம் தருவதுதான் அப்போது அவர்களின் வழக்கம், விற்பனையும் அதில்தான். அந்தப் பருவத்தில் மட்டும் புதுச் சாமானை நிறுத்தினார்கள். சேர்வர்களை மேம்படுத்தினார்கள். ஆள் சேர்க்கிற முறையைச் சுருக்கினார்கள். குண்டு பட்டதா இல்லையா என்று கணக்கிடும் உடல் எல்லைகளைத் திருத்தினார்கள். திட்டத்தில் இருந்த போலந்து வரைபடம் கைவிடப்பட்டது. காசு கட்டிக் காத்திருந்தவர்களுக்குக் கோபம். ஆனால் அந்த அத்திவாரத்தின் மேல்தான் பிறகு வந்த வருடங்கள் கட்டப்பட்டன.

'கேம் தானாக நல்லா வந்துட்டுது' என்று நாங்கள் சொல்வோம். தானாக எதுவும் வருவதில்லை. ஒரே கதவை நூறு தரம் உடைத்துப் பார்த்து, எந்தத் தரத்தில் பிழைக்கிறது என்று எழுதிவைக்கிற பரிசோதகர் ஒருவர் இருக்கிறார். சேர்வர் விழுந்தால் நித்திரையில் இருந்து எழும்புகிற பொறியியலாளர் ஒருவர் இருக்கிறார். சோதனைச் சேர்வரில் ஆடிப் பிழை அறிவிக்கிற ஆட்டக்காரர்களும் இருக்கிறார்கள், அவர்களுக்குச் சம்பளமே இல்லை. புதுசு செய்கிறவருக்கு மேடை கிடைக்கும். திருத்துகிறவரின் வேலை சரியாக நடந்தால் அது கண்ணுக்கே தெரியாது.

இது எங்கட சனத்துக்குப் புதுக்கதை இல்லை. யூபிசொஃப்ட் 1997இல் வந்து குடியேறிய சென்-லோரன் வீதிக் கட்டடம் ஒருகாலத்தில் ஆடைத் தொழிற்சாலை. எண்பதுகளில் அகதியாக இந்த நகரத்துக்கு வந்த எங்கட ஆக்களில் எத்தனை பேரின் முதல் வேலை தையல் ஃபக்டரியும், சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவுவதும், இரவுத் துப்புரவும்? தரை ஊத்தையாகக் கிடந்தால்தான் துப்புரவு செய்கிறவரின் நினைவு வரும். அதே கணக்குத்தான் இங்கேயும்.

அடுத்த கேள்வி, யார் சொன்னால் திருத்துவார்கள்? 2018 நவம்பரில் ஆசியச் சந்தைக்காக, மண்டையோடு, இரத்தக்கறை, சூதாட்ட இயந்திரம் போன்றவற்றை எல்லா நாட்டுப் பதிப்பிலும் மாற்றப்போவதாக அறிவித்தார்கள். ஆட்டக்காரர்கள் ஒன்றாகக் கொந்தளித்தார்கள். அதே மாதத்திலேயே முடிவு திரும்பப் பெறப்பட்டது. வேலைத்தலத்தின் பிழைகளுக்கு அந்த வேகம் இல்லை. 2020 கோடையில் பாலியல் தொல்லைக் குற்றச்சாட்டுகள் வெடித்த பிறகுதான் கனேடிய ஸ்டூடியோக்களின் தலைவர் யானிஸ் மலா பதவி விலகினார். அடுத்த வருடமும் நூற்றுக்கணக்கான ஊழியர்கள் பகிரங்கக் கடிதம் எழுத வேண்டியிருந்தது, போதிய மாற்றம் வரவில்லை என்று.

இதில் எங்கட காசும் இருக்கிறது. கியூபெக்கின் மல்டிமீடியா வரிச்சலுகை பல வருடமாக, தகுதியுள்ள சம்பளச் செலவில் 37.5 சதவீதம் வரை நிறுவனங்களுக்குத் திருப்பிக் கொடுத்து வந்தது. பொதுப்பணம் வாங்குகிற இடத்தில் பொதுமக்கள் நிபந்தனை கேட்கலாம்.

ஒரு தோழர் கேட்பார்: எஸ்.ஏ.எஸ். படையை வீரர்களாகக் காட்டுகிற கேமுக்காகவா இவ்வளவு? நியாயமான கேள்வி. எண்பதுகளில் இலங்கையின் விசேட அதிரடிப்படையைப் பயிற்றுவித்த கே.எம்.எஸ். நிறுவனம் முன்னாள் எஸ்.ஏ.எஸ். ஆட்கள் நடத்தியது. அந்த வரலாற்றை எந்த அப்டேட்டும் திருத்தாது. ஆனால் எதைக் கதையாக்குவது என்று முடிவெடுப்பவர் பரிசோதகர் இல்லை. செய்கிறவர்களுக்கு வேலைத்தலத்தில் குரல் இல்லாதவரை அந்தக் கேள்வியை உள்ளே இருந்து கேட்கவும் ஆள் இல்லை.

குரல் வரத் தொடங்கியிருக்கிறது. 2022இல் எட்மன்டனில், பயோவெயாருக்காக ஒப்பந்தத்தில் வேலை செய்த கீவேர்ட்ஸ் நிறுவனப் பரிசோதகர்கள் யூ.எஃப்.சி.டபிள்யூ. சங்கத்தில் சேர்ந்தார்கள். 2023இல் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை, 13 பேருக்கு வேலை போனது. ஒப்பந்தக்காரரை இடையில் வைப்பதன் வசதி இதுதான்: 'நான் துரத்தவில்லை' என்று இரண்டு பேருமே சொல்லலாம். இருந்தும் 2024இல் மொன்றியலில் பெதெஸ்டா ஸ்டூடியோ ஊழியர்கள் சி.டபிள்யூ.ஏ. கனடாவில் சேர்ந்தார்கள்.

நான் மாஸ்டர்ஸ் படிக்கிற வகுப்பில் படிப்பு முடிய இந்தத் துறைக்குப் போக இருப்பவர்கள் பலர். அவர்களுக்குச் சொல்வதையே உங்களுக்கும் சொல்கிறேன். கியூபெக்கில் பாதிக்கு மேற்பட்ட ஊழியர்கள் சங்க அட்டையில் கையெழுத்திட்டால், வாக்கெடுப்பு இல்லாமலே சங்கம் அங்கீகாரம் பெறலாம். சங்கம் அமைத்ததற்காகப் பழிவாங்குவது சட்டவிரோதம். தற்காலிக வேலை அனுமதியில் இருக்கிறவரும் சேரலாம். இந்த மூன்றும் தெரியாமல்தான் எங்கட ஆக்கள் பலர் ஆறு மாத ஒப்பந்தத்தில் வாய்மூடி இருக்கினம்.

கடைசியாக, எங்களுக்கும் ஒரு பாடம். எங்கட அமைப்புகளும் புதுப் பிரசாரம், புதுப் போஸ்டர் என்று பருவத்துக்குப் பருவம் ஓடுகின்றன. உறுப்பினர் பட்டியல் பழசு, கணக்குப் புத்தகம் யாரிடம் என்று தெரியாது, கூட்டம் முடியக் கதிரை அடுக்குவது எப்போதும் அதே இரண்டு பெண்கள். ஒரு பருவம் புதுசு எதுவும் தொடங்காமல் இவற்றைத் திருத்துவோம். அடுத்த கூட்டத்தில் இதை முதல் விடயமாக எடுக்கக் கேட்கிறேன். கேம் துறையில் வேலை செய்கிற தோழர்கள் கட்டாயம் வாங்கோ.